மெயினை அணைத்த பிறகும்

சற்குணத்தின் அப்பா ரயில்வேயில் குமாஸ்தா. சித்தப்பாக்கள் இருவரும் குமாஸ்தா. அண்ணனும் குமாஸ்தா. யாழ்ப்பாணத்திலிருந்து பினாங்குக்கு வந்த அந்தக் குடும்பத்தில் பேனாவைத் தவிர வேறெதையும் கையில் பிடித்தவர்கள் கிடையாது. சற்குணம் மட்டும் ஸ்குரூடிரைவரைப் பிடித்து வயர்மேன் ஆனார். சொந்தக்காரர்கள் கல்யாண வீட்டில் அவரைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். மறுநாள் ஃபேன் ஓடவில்லை என்று அவரையே கூப்பிடுவார்கள். அவரும் போவார். ஓடாத ஃபேனைப் பார்த்தால் அவருக்குக் கை சும்மா இருக்காது.

அவர் வயரிங் செய்த எந்த வீட்டிலும் ஒரு தடவைகூடத் தீப்பிடித்ததில்லை. ஐம்பத்தாறு வயதில் அவர் பெருமையடித்துக்கொள்ள அது ஒன்றுதான் இருந்தது, அதை அவர் யாரிடமும் சொல்லாமல் விட்டதில்லை.

1994ஆம் ஆண்டு. ஒரு புதன்கிழமை காலை, சூலியா தெருவில் ஜபருல்லாவின் துணிக்கடை மாடியில் புது ஃபேன் மாட்டப் போனார். கீழே கடை, மேலே குடியிருப்பு. ஜபருல்லாவின் தாயார் சித்தி ஆயிஷா, மனைவி, பிள்ளைகள் என்று மொத்தம் ஏழு பேர். பதினெட்டு வருடங்களுக்கு முன் அந்தக் கட்டடம் முழுவதற்கும் வயர் இழுத்தவர் சற்குணம்தான். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, சீலிங் பலகைக்கும் ஓட்டுக்கூரைக்கும் நடுவே இருக்கும் இருட்டுக்குள் ஊர்ந்து போனார். கையில், டிரில்லோடு சேர்த்து வாங்கிய பேட்டரி விளக்கு இருந்தது.

வேலையில் இறங்கித் தலையைத் திருப்பியபோது, இடது கண்ணோரத்தில் பளிச்சென்று ஒரு பொறி பறந்தது.

விளக்கை அந்தப் பக்கம் காட்டினார். தூசியும் வயரும்தான் இருந்தன. மறுபடி திரும்பினார். மறுபடியும் இடது பக்கத்தில் நீலமாக ஒரு வெட்டு. இறங்கி வந்து பார்த்தார். மெயின் அணைந்துதான் இருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று பியூஸையும் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஏறினார். பொறி இன்னும் பறந்துகொண்டிருந்தது. கரண்ட் இல்லாத வயரில் பொறி பறப்பதை அவர் கேள்விப்பட்டதுகூட இல்லை.

"பக்கத்துக் கடை லைன் ஏதாச்சும் உங்க சீலிங்குல ஓடுதா தம்பி?" என்று ஜபருல்லாவிடம் கேட்டார்.

"இல்லையே அண்ணே. ஏன்?"

"மேல எங்கயோ ஷார்ட் ஆகுது. கண்டுபிடிக்கிற வரைக்கும் கரண்ட் போடாதீங்க. தூங்குற நேரத்துல பத்திக்கிச்சுன்னா ஏழு பேரும் மாடியில இருக்கீங்க லா."

கீழே மூட்டை மூட்டையாகத் துணி. மேலே காய்ந்த பழைய பலகை. அன்று முதல் மாடியில் மெழுகுவத்தியும் கை விசிறியும்தான். பக்கத்துக் கடையிலும் கெஞ்சிக் கூத்தாடிப் பத்து நிமிடம் மெயினை அணைக்க வைத்தார் சற்குணம். அப்போதும் பொறி பறந்தது.

கண்ணுக்கு ஒன்று சிக்கவில்லை என்றால் வெளிச்சம் போதவில்லை. வெளிச்சம் போதவில்லை என்றால் பல்பில் குறை. ஒரு வயர்மேன் வேறு எப்படி யோசிப்பார்? வியாழக்கிழமை வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அந்த விளக்கைப் பிரித்துப் போட்டார். பட்டாணி அளவு பல்பைக் கழற்றி எறிந்தார். பேட்டரி பன்னிரண்டு வோல்ட். மோட்டார் சைக்கிள் முன்விளக்குப் பல்பும் பன்னிரண்டு வோல்ட். பிஸ்கட் டின் தகரத்தை வெட்டி அதற்கு ஒரு பிடி செய்தார். மெல்லிய வயரை எடுத்துவிட்டுத் தடித்த வயரை ஈயம் வைத்துப் பற்றவைத்தார். ஐந்து நிமிடம் எரியவிட்டதும் முன்பக்கப் பிளாஸ்டிக் உருகி நாறியது. அதையும் பிடுங்கிவிட்டுக் கண்ணாடித் துண்டு ஒன்றைப் பொருத்தினார். விளக்கைப் போட்டபோது சுவரில் இருந்த பல்லி தெறித்து ஓடியது.

"கண்ணு கூசுதுங்க. இதுக்கு மேல என்ன வெளிச்சம் வேணும் உங்களுக்கு?" என்றாள் மனைவி பத்மாவதி.

"சும்மா இரு. கொசு வேற முன்னால முன்னால பறக்குது." கையை வீசி விரட்டினார்.

"எங்க கொசு?" என்று கேட்டாள் அவள். அவர் காதில் வாங்கவில்லை.

வெள்ளிக்கிழமை அந்த விளக்கோடு மேலே ஏறினார். கூரைக்குள் நடுப்பகல் வந்துவிட்டது. பதினெட்டு வருடத்துக்கு முன் தாம் போட்ட ஒவ்வொரு இணைப்பையும் பிரித்துப் பார்த்தார். எதிலும் கருகல் இல்லை. ஆனால் கண்ணுக்கு முன்னால் கரித்தூள் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே இருந்தது. வெள்ளைத் துணியால் பலகையைத் துடைத்தார். துணியில் தூசிதான் ஒட்டியது, கரி இல்லை. இருபது நிமிடத்தில் பேட்டரி தீர்ந்தது. இறங்கி, பக்கத்துக் கடையில் சார்ஜ் போட்டு, மறுபடியும் ஏறினார். பத்மாவதி கொடுத்தனுப்பிய சோறு ஏணிக்குக் கீழே அப்படியே இருந்தது.

சனிக்கிழமை காலை, இடது பக்கத்தில் யாரோ நின்றார்கள்.

முகம் இல்லை. தோளும் தலையும் சேர்ந்த மாதிரி ஒரு கருப்பு. சற்குணம் விளக்கோடு திரும்பினார். அதுவும் திரும்பி இடது பக்கமே நின்றது. முதுகெல்லாம் சில்லிட்டது. நாலு பேர் சிரித்தாலும் பரவாயில்லை, ஜபருல்லாவைக் கூப்பிட்டுவிடலாம் என்று தோன்றியது. ஆனால் வாயில் வந்தது வேறு.

"யாரு... யாரு அங்க?"

கீழேயிருந்து சித்தி ஆயிஷாவின் குரல் கேட்டது. "மேல யாருகூடப் பேசுறே சற்குணம்?"

"இங்க ஒரு ஆள் நிக்குது அக்கா."

கிழவி மெல்லிய குரலில் ஓதத் தொடங்குவது பலகை வழியாகக் கேட்டது. ஜபருல்லா ஏணியில் ஏறி, சீலிங் துவாரத்தில் தலையை நீட்டினான். சற்குணம் விளக்கால் இடது மூலையைக் காட்டினார்.

"நல்லாத் தெரியுது அண்ணே. ஒருத்தரும் இல்ல."

"என் பக்கத்துல, தம்பி. தொடுற தூரத்துல."

"நீங்க மட்டும்தான் இருக்கீங்க."

அந்த நேரம் பார்த்துப் பேட்டரி தீர்ந்தது. விளக்கு சிவந்து, மங்கி, அணைந்தது. சுற்றிலும் இருட்டு. இடது பக்கம் பொறி வெட்டியது. சற்குணத்துக்கு இனி எதையும் பார்க்கத் தைரியம் இல்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

மூடிய கண்ணுக்குள் பொறி வெட்டியது.

ஜபருல்லா இரண்டு முறை கூப்பிட்ட பிறகு, தடவித் தடவி ஏணிக்கு வந்து இறங்கினார். சன்னல் பக்கம் போய் நின்று, வலது கண்ணைக் கையால் பொத்தினார். எதிரே நின்ற ஜபருல்லாவுக்குப் பாதி உடம்பு இல்லை. இருந்த பாதியும் தண்ணீருக்குள் கிடப்பதைப் போல நெளிந்தது. மேலே நின்ற அந்தக் கருப்பு ஆள் இப்போது இந்த வெயிலில், அவனுடைய இல்லாத பாதியின் இடத்தில் நின்றது.

அன்று மத்தியானமே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். கண்ணுக்குள் பின்பக்கம் இருக்கும் சவ்வு கிழிந்து, கழன்று வருகிறது என்றார் டாக்டர். முதலில் பொறி, அப்புறம் கொசுவும் கரியும், கடைசியில் கருப்பு. அது வருகிற வரிசையே அதுதானாம். எப்போது ஆரம்பித்தது என்று கேட்டார். புதன்கிழமை என்றார் சற்குணம்.

புதன்கிழமையே வந்திருந்தால் லேசர் போட்டுக் கிழிசலை ஒட்டியிருக்கலாம் என்று டாக்டர் ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார். இனி ஆபரேஷன் செய்தாலும் இடது கண்ணில் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது.

பத்மாவதி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சற்குணத்துக்கு அழுகை வரவில்லை. ஒரு நாள் முழுக்க மேசையில் உட்கார்ந்து தகரம் வெட்டியது நினைவுக்கு வந்தது. தன் மேலேயே அப்படி ஒரு ஆத்திரம் வந்தது.

பிறகு சட்டைப்பையைத் துழாவி ஜபருல்லா வீட்டுப் பியூஸை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"நாலு நாளா அந்தக் கிழவி புழுக்கத்துல கிடக்குது. ஜபருல்லாகிட்ட குடுத்து, கரண்ட் போடச் சொல்லு. அங்க வயரிங் எல்லாம் நல்லாத்தான் இருக்கு."