சந்தனத்துக்கு அடியில் இருந்த சிவப்பு சுவிட்ச்

இதை எழுதலாமா வேண்டாமா என்று வருடக்கணக்கில் யோசித்துக்கொண்டே இருந்தேன். பத்தாவது வரைக்கும் படித்தவள் நான். ஊருக்குக் கடுதாசி போட்ட காலத்துக்குப் பிறகு நீளமாக எதையும் எழுதியதில்லை. ஒரு கம்ப்யூட்டர் கெட்டுப்போன கதையை யார் உட்கார்ந்து படிப்பார்கள் என்ற கூச்சம் வேறு. ஆனால் விளக்கு ஏற்றும்போதெல்லாம், "இன்னுமா சொல்லாமல் வைத்திருக்கிறாய்?" என்று அம்மன் கேட்பது போலவே இருக்கிறது. அதனால் இன்றைக்கு உட்கார்ந்துவிட்டேன். ஊரில் இருக்கிறவர்களும், என்னைப் போல ஊரை விட்டு வந்தவர்களும் பிழை பொறுத்துப் படிக்க வேண்டும்.

கனடாவின் பனியைப் பற்றி வருவதற்கு முன்பே எல்லோரும் சொல்லிவிட்டார்கள். பிளக் சொருகும் இடத்தில் சுவிட்ச் இருக்காது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. நம் ஊரில் மிக்ஸியைச் சொருகிவிட்டு, பக்கத்தில் இருக்கும் சுவிட்சைத் தட்டினால்தானே ஓடும்? இங்கே அப்படி எதுவும் கிடையாது. சொருகினாலே கரண்ட் வந்துவிடும். இத்தனை வருடம் கழித்தும் என் விரல் சுவரில் சுவிட்சைத் தேடித் தடவுகிறது. இன்னொரு கூத்தும் நடந்தது. வந்த முதல் குளிர்காலத்தில் பக்கத்து வீட்டு அம்மாள் கதவைத் தட்டி, சாயங்காலம் ஹைட்ரோ இருக்காது என்று சொல்லிவிட்டுப் போனார். ஹைட்ரோ என்றால் தண்ணீர்தானே என்று நினைத்து, வீட்டில் இருந்த குண்டா, வாளி, குழம்புச் சட்டி வரைக்கும் பிடித்து நிரப்பி வைத்தேன். சாயங்காலம் குழாயில் தண்ணீர் கொட்டுகிறது, வீடுதான் இருண்டு கிடக்கிறது. கரண்டைத்தான் இந்த ஊர்க்காரர்கள் அப்படிச் சொல்வார்களாம். மெழுகுவர்த்தியோடு வந்த அந்த அம்மாள் நிரம்பி நின்ற பாத்திரங்களைப் பார்த்து, இது உங்கள் பண்டிகையா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லி வைத்தேன்.

கரண்டிலேயே இரண்டு நாட்டுக்கும் வித்தியாசம் உண்டு. நம் ஊர் கரண்டின் அழுத்தத்தில் ஏறக்குறையப் பாதிதான் இங்கே. என் வீட்டுக்காரர் கோவை பீளமேட்டுப் பக்கம் லேத் பட்டறையில் வேலை பார்த்தவர், இங்கேயும் அதே தொழில்தான். புறப்படும்போது காந்திபுரத்தில் ஒரு கடைக்கார நண்பரோடு உட்கார்ந்து, தானே கோத்துச் சேர்த்த கம்ப்யூட்டரை விட்டு வர மனமில்லாமல், இரண்டு போர்வையில் சுற்றித் தூக்கி வந்தார். வந்ததும் பெட்டியின் பின்னால் இருந்த சிறிய சிவப்பு சுவிட்சை இந்த ஊர் கரண்டுக்குத் தகுந்தபடி தள்ளிவிட்டார். அதன் பிறகு அந்த சுவிட்சை யாரும் தொடவில்லை, நினைக்கவும் இல்லை. நான் ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் பெட்டியைத் துடைத்து, முன்னால் ஒரு பொட்டும் பின்னால் ஒரு பொட்டும் வைப்பேன். பின்னால் பொட்டுக்கென்றே செய்தது போல ஒரு சிவப்பு இடம் இருந்ததால் சந்தனத்தை அங்கேதான் அப்புவேன். வருடா வருடம் அப்பி அப்பி அது கெட்டியாகிவிட்டது.

எங்கள் மகள் வான்மதி அந்தப் பெட்டியின் முன்னால் வளர்ந்தவள். ஒரு தடவை ஊருக்குப் போயிருந்தபோது, அவள் தமிழ் பேசுவதைக் கேட்டுச் சொந்தக்காரப் பிள்ளைகள், "டப்பிங் படம் ஓடறாப்பல இருக்குது" என்று சிரித்தார்கள். அவளும் கூடவே சிரித்தாள். திரும்பி வந்த பிறகு தொலைபேசியில் ஊர்க்காரர்களோடு பேசுவதையே நிறுத்திவிட்டாள். வெள்ளகோவிலுக்குப் பக்கத்தில் எங்கள் குலதெய்வக் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் என்று தகவல் வந்ததும், அவள் தானாக ஒரு காரியத்தில் இறங்கினாள். அம்மன் எப்படி அந்த ஊருக்கு வந்தாள் என்ற கதையைப் படம் படமாக வரைந்து, அசைய வைத்து, தன் குரலிலேயே தமிழில் கதை சொல்லி ஒரு சிறிய படமாகச் செய்தாள். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அதே வேலை. கும்பாபிஷேகத்தன்று சாயங்காலம் கோயில் வாசலில், சிரித்த அதே பிள்ளைகளுக்கு முன்னால் அதைப் போட வேண்டும் என்பது அவள் ஆசை. கடைசி வேலையை ஊரில் போய் முடிப்பதாகச் சொல்லிப் பெட்டியையே தூக்கிக்கொண்டு கிளம்பினாள். வேறு எதிலும் நகல் எடுத்து வைக்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்காததால் நாங்கள் இருவர் மட்டும் போனோம்.

என் கொழுந்தனார் பழனிசாமியும் அவர் மனைவி சரஸ்வதியும் தோட்டத்துச் சாளையில், அதாவது தோட்டத்துக்குள்ளேயே கட்டிய வீட்டில், குடியிருக்கிறார்கள். பெட்டியைப் பிரித்ததுமே கொழுந்தனாருக்குக் கை பரபரத்தது. கனடாவின் தட்டை பிளக் சுவரில் சேரவில்லை. "இதுக்கெல்லாம் அசந்துருவமுங்களா?" என்று ரைஸ் குக்கரின் ஒயரை உருவி வந்தார். அளவு கச்சிதமாகப் பொருந்தியது. டி.வி.யையே திரையாக மாட்டினார்கள். சரஸ்வதி சூடம் கொளுத்திப் பெட்டிக்கு ஒரு சுற்றுக் காட்டினாள். கொழுந்தனார், "அம்மா தாயே!" என்று சுவிட்சைத் தட்டினார். சீனிவெடி போல ஒரு சத்தம். பெட்டியின் பின்னாலிருந்து புகை.

"சூடம் பத்திக்கிச்சாட்ட இருக்குதுங்க!" என்று சரஸ்வதி தட்டை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினாள். கொழுந்தனார் ரைஸ் குக்கர் ஒயரைப் பிடுங்கி, பாம்பைப் பிடித்தவர் போலத் தூரமாக நீட்டிக்கொண்டு நின்றார். வான்மதி மட்டும் அசையவில்லை. முகம் வெளுத்துவிட்டது.

"அம்மா, எல்லாம் அதுலதான் இருக்கு. வேற எங்கயும் இல்ல."

உடனே வீடியோவில் வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். அங்கே விடிந்துகொண்டிருந்தது. விஷயத்தைக் கேட்டுக்கொண்டார்.

"பொறத்தாண்ட ஒரு செகப்பு சுவிட்ச் இருக்கோணுமே, அது எந்தப் பக்கம் கெடக்குதுன்னு பாரு" என்றார்.

"செகப்பெல்லாம் இல்லீங்க. சந்தனம்தான் இருக்குது."

"அதைச் சொரண்டு."

சுரண்டினேன். காய்ந்த சந்தனம் பொருக்குப் பொருக்காகப் பெயர்ந்து, அடியில் சிவப்பு தெரிந்தது. சுவிட்ச் கனடாப் பக்கமே கிடந்தது. பாதி அழுத்தத்துக்கு ஒழுங்கு செய்த பெட்டிக்குள் நம் ஊர் கரண்ட் முழுசாகப் பாய்ந்திருக்கிறது.

"தம்பி, மாட்டறதுக்கு முன்னால ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாமில்ல?" என்றார் வீட்டுக்காரர்.

"நீங்க பெட்டி குடுத்தனுப்பறதுக்கு முன்னால ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லீங்கண்ணா? உங்க ஊட்டு அண்ணி அதுக்குச் சந்தனக்காப்பே சாத்தி வெச்சிருக்கறாங்க. நான் எங்கீங்க போய் சுவிட்சைத் தேடறது?"

அத்தனை கலக்கத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வான்மதிக்கு வரவில்லை. வீட்டுக்காரர் அவளைக் கூப்பிட்டு நிதானமாகச் சொன்னார். கரண்டை வாங்கி உள்ளே பிரித்துக் கொடுக்கும் டப்பாவுக்கு எஸ்.எம்.பி.எஸ். என்று பெயர், அடி முதலில் அதன் மேல்தான் விழும். படம் இருக்கும் ஹார்ட் டிஸ்க் தப்பியிருக்கலாம், தப்பாமலும் போயிருக்கலாம், பார்த்தால்தான் தெரியும். அவசரப்பட்டு எல்லாவற்றையும் ஒன்றாக மாட்டிவிடக் கூடாது. ஒவ்வொன்றாகச் சோதித்து, டிஸ்கைக் கடைசியில் மாட்ட வேண்டும்.

கொழுந்தனார் வெள்ளகோவிலுக்கு வண்டியில் போய்ப் புதிய எஸ்.எம்.பி.எஸ். வாங்கி வந்தார். திருகாணிகளை நான்தான் கழற்றினேன். வீட்டுக்காரர் இதைப் பிரித்துத் தூசி தட்டும்போதெல்லாம் பக்கத்தில் டார்ச் பிடித்தவள் ஆயிற்றே. பழைய டப்பாவை எடுத்ததும் கருகிய வாடை மூக்கைப் பிடுங்கியது. புதிய டப்பாவை எதிலும் மாட்டாமல் முதலில் தனியாக ஓட்டிப் பார்க்க வேண்டும், அதற்குப் பச்சை ஒயரின் துளையையும் கருப்பு ஒயரின் துளையையும் ஒரு கம்பியால் இணைத்தால் போதும் என்றார் வீட்டுக்காரர். சாளையில் சன்னக் கம்பி எதுவும் கிடைக்கவில்லை. சரஸ்வதி சட்டென்று தன் தாலிக்கொடியில் கோத்திருந்த ஊக்கு ஒன்றைக் கழற்றி நீட்டினாள்.

"இந்தாங்கக்கா. இதுக்கு மேல ராசியான கம்பி இந்த ஊட்டுல இல்லீங்க."

"ஏன், என்னைய ஓட்டறாப்பல அதையும் ஓட்டிப்போடுமா?" என்றார் கொழுந்தனார்.

"நீங்க எங்கீங்க ஓடறீங்க? நின்னுட்டுத்தான் இருக்கறீங்க."

ஊக்கை வளைத்துச் சொருகிவிட்டுக் கையை எடுத்தேன். கொழுந்தனார் இந்தத் தடவை அம்மனை மூன்று முறை கூப்பிட்டுவிட்டு சுவிட்சைப் போட்டார். டப்பாவின் விசிறி சரசரவென்று சுற்றியது. அடுத்து, கரண்டை நிறுத்தி, டிஸ்க் இல்லாமல் மற்றதையெல்லாம் மாட்டிப் பார்த்தோம். பெட்டி விட்டு விட்டுக் கூவியது, திரையில் ஒன்றும் வரவில்லை. ராம் அட்டையைக் கழற்றி, அதன் பித்தளைப் பல்லை ரப்பரால் தேய்த்து மறுபடி அழுத்தி மாட்டச் சொன்னார். செய்ததும் டி.வி.யில் வெள்ளை எழுத்துகள் வந்தன. டிஸ்க் எங்கே என்று பெட்டி கேட்கிறது என்றாள் வான்மதி.

இனி டிஸ்க் ஒன்றுதான் பாக்கி. அங்கேதான் எல்லோருக்கும் கை நின்றுவிட்டது. தோட்டத்துக் கரண்டை நம்பாதே, அப்படியே பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவா, இங்கே பார்த்துக்கொள்ளலாம் என்றார் வீட்டுக்காரர். "இவ்வளவு தூரம் வந்துபோட்டுத் திருப்பிக் கொண்டுபோறதா? சாமிக்குன்னு செஞ்சதுங்கண்ணா" என்றார் கொழுந்தனார். எனக்கு இருவர் சொல்வதும் சரியாகத்தான் பட்டது. அப்போது வான்மதி கேட்டாள்.

"சித்தப்பா, பூ கேக்கலாமா?"

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கொங்கு நாட்டில் தோட்டம் வாங்குவதானாலும் பெண் கொடுப்பதானாலும் அம்மனிடம் பூ கேட்போம். வெள்ளைப் பூவும் சிவப்புப் பூவும் தனித்தனியாகப் பொட்டலம் கட்டி முன்னால் போட்டு, சின்னக் குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வது. வெள்ளை வந்தால் உத்தரவு. இதையெல்லாம் வான்மதி கவனித்திருப்பாள் என்று நான் நினைத்ததே இல்லை. உடனே எல்லோரும் கோயிலுக்குப் போனோம்.

பூசாரி கேட்டார்: "என்ன கேக்கோணும், அம்மணி?"

"என் படம் பத்திரமா இருக்கான்னு..."

"அது அம்மனுக்குத் தெரியும் கண்ணு. தெரிஞ்சு நீ என்ன பண்ணுவ? நீ செய்யற காரியத்தைக் கேளு."

அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு கண்ணை மூடி, நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். "தாயே, நான் டிஸ்க் இப்ப மாட்டட்டுமா?"

யாரும் சிரிக்கவில்லை. பூசாரியின் பேத்தி பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தாள். பிரித்தால் வெள்ளை அரளி. வான்மதி அந்தப் பூவைக் காதோரம் செருகிக்கொண்டு வேகமாக நடந்தாள். சாளைக்கு வந்ததும் அவளே தன் கையால் டிஸ்கை மாட்டினாள், சுவிட்சையும் அவளே போட்டாள். திரை இருண்டே கிடந்தது. நான் வாய்க்குள் அம்மன் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு வெளிச்சம் வந்தது. அவள் வரைந்து வைத்திருந்த படங்கள் ஒவ்வொன்றாக வந்தன. "அப்பா, வந்துருச்சு!" என்று அவள் போட்ட கூச்சலுக்குத் தென்னையில் இருந்த காக்காய் எல்லாம் எழும்பிப் பறந்தது. வீடியோவில் வீட்டுக்காரர், வேலைக்குக் கிளம்பிய கோலத்தில், தலையில் கம்பளிக் குல்லாயோடு கண்ணைத் துடைத்துக்கொண்டார். உடனே அவள் செய்த முதல் வேலை, படத்தை மூன்று இடத்தில் நகல் எடுத்தது.

கும்பாபிஷேகத்தன்று பொழுது விழுந்ததும் கோயில் வாசலில் வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டி, வாடகைக்கு எடுத்த புரொஜெக்டரில் படத்தைப் போட்டார்கள். பஞ்ச காலத்தில் பிழைக்கக் கிளம்பிய ஒரு குடும்பம், வழியில் இளைப்பாற மரத்தடியில் கூடையை இறக்கி வைக்கிறது. கிளம்பும்போது கூடையைத் தூக்க முடியவில்லை. உள்ளே இருந்த அம்மன் கல், இதுதான் இனி என் இடம் என்று உட்கார்ந்துவிட்டது. இது எங்கள் எல்லோருக்கும் தெரிந்த கதை, மரம் வேப்ப மரம். வான்மதி வரைந்திருந்ததோ செக்கச் செவேலென்று இலை உதிர்க்கும் ஒரு பெரிய மரம்.

"அதென்ன மரமுங்க?" என்று ஒருவர் கேட்டார். "எலையெல்லாம் குங்குமமாக் கொட்டுது பாருங்க" என்றது ஒரு பெண் குரல். "அம்மன் கனடாக் குளிருல நிக்கறாடா, ஆராச்சும் ஒரு கம்பளியப் போத்துங்க" என்று இன்னொருவர் சொல்ல, கூட்டமே சிரித்தது. வான்மதியும் சிரித்தாள். டப்பிங் படம் என்று கேலி செய்த பிள்ளைகளே, "இன்னொருக்காப் போடு, இன்னொருக்காப் போடு" என்று கத்தினார்கள். மூன்று முறை ஓடியது. மூன்றாவது முறை அவள் குரலோடு சேர்ந்து அவர்களும் கதை சொன்னார்கள்.

வேப்ப மரத்தை ஏன் வரையவில்லை என்று திரும்பி வரும்போது கேட்டேன். "வேப்ப மரம் எனக்குச் சரியா ஞாபகம் வரலம்மா. வரையறப்ப ஜன்னல் வழியாப் பாத்தா இந்த மரம்தான் நின்னுச்சு" என்றாள்.

இப்போது எங்கள் சொந்தபந்தங்களுக்குள் இந்தக் கதை பல விதமாக உலாவுகிறது. வெடித்த பெட்டி தானாக உயிர் பெற்றது என்கிறார்கள். திரையில் அம்மனே பேசினாள் என்கிறார்கள். அவள் பேசவில்லை, என் மகள்தான் பேசினாள். பெட்டிக்கு உயிர் வந்தது புதிய எஸ்.எம்.பி.எஸ்.ஸாலும் சரஸ்வதியின் ஊக்காலும். அதையெல்லாம் ஒழுங்காக நடக்க விட்டவள் அம்மன், அதுவே எனக்குப் பெரிய அருள். ஆகவே படிக்கிறவர்கள் இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள், கூட்டாமல் குறைக்காமல் நான் எழுதியபடியே சொல்லுங்கள். கேட்பதற்கு நன்றாக இருக்கிறது என்று மரத்தை மட்டும் வேம்பாக்கிவிடாதீர்கள். எங்கள் அம்மன் அன்றைக்கு மேப்பிள் மரத்தடியில்தான் உட்கார்ந்திருந்தாள்.