விளக்குமாறு சாத்திய வீடு

எண்பத்தைந்தாம் ஆண்டு, இலை கொட்டுகிற காலம். ஜேர்மனியின் தெற்கே, காடு மூடிய மலையில் ஒரு சின்ன நகரம். அங்கே ஒரு பழைய விடுதியில்தான் எங்களைப் போல அகதி விண்ணப்பம் போட்டவர்களை வைத்திருந்தார்கள். எனக்கும் கணவருக்கும் ஓர் அறை. அறையில் சமைக்கக் கூடாது. மூன்று வேளையும் சாப்பாடு தட்டில் வரும். நான் நாலு மாதக் கர்ப்பிணி. அந்தத் தட்டின் மூடியைத் திறந்தாலே வயிற்றைப் புரட்டும்.

முதல் பிள்ளை ஊரிலேயே கலைந்துபோனது. இது இரண்டாவது. டொக்டர் நிறை பார்த்துவிட்டு, வெள்ளிக்கிழமை அடுத்த தவணைக்கு வரும்போதும் நிறை இறங்கியிருந்தால் ஆஸ்பத்திரியில் மறித்து வைத்துவிடுவேன் என்றார். பிறகு என் வயிற்றைக் காட்டி, இல்லை என்பது போலத் தலையை ஆட்டினார். அது விளங்குவதற்குப் பாஷை தேவைப்படவில்லை. இந்தப் பிள்ளையும் போய்விடுமோ என்று நான் பயந்த பயம் எனக்குத்தான் தெரியும்.

பக்கத்து அறையில் இரண்டு வருடமாக இருந்த ஓர் அண்ணைதான் வழி சொன்னார்.

"தங்கச்சி, கீழை திராட்சைத் தோட்ட ஊரிலை தோட்டக்காரர் தங்கட வீட்டிலையே சாப்பாடு விக்கிறவை. இப்ப புது வைன் காலம். போர்டு ஒண்டும் இராது. வாசலிலை விளக்குமாறு இருந்தால் கடை திறந்திருக்கு எண்டு அர்த்தம். பேசாமல் உள்ளுக்குப் போய் இருங்கோ."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விளக்குமாற்றை ஆள் கண்ணில் படாமல் கதவுக்குப் பின்னால் ஒளித்து வைக்கிற ஆட்கள் நாங்கள்.

"இதென்ன கூத்தப்பா! வாசலிலை விளக்குமாத்தை வைச்சுச் சாப்பிடக் கூப்பிடுறது மூதேவியை வா எண்டு கூப்பிடுற மாதிரியெல்லோ கிடக்கு!" என்றேன் கணவரிடம்.

"மூதேவி வந்தாலும் வரட்டும். நீர் ஒரு வாய் சாப்பிட்டால் காணும். வெளிக்கிடும்" என்றார் அவர்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நடந்தே இறங்கினோம். மேலே வெயில் இருந்தது. இறங்க இறங்கப் பனிப்புகார். பத்தடிக்கு அப்பால் ஒன்றுமில்லை. திராட்சைக் கொடிகள் இரண்டு பக்கமும் மஞ்சளாக வந்து வந்து மறைந்தன. எங்கேயோ ஒரு தேவாலய மணி அடித்தது, மேலேயா கீழேயா என்று தெரியவில்லை. பசியும் களைப்பும் சேர்ந்து, நான் நடக்கிறேனா, கட்டிலில் கிடந்து கனவு காண்கிறேனா என்று எனக்கே சந்தேகம். காற்றெல்லாம் புளித்த திராட்சை வாசம். அதிசயம், அது எனக்குக் குமட்டவில்லை.

ஊர் தொடங்கியதும் முதல் வீடு. கதவு பாதி திறந்திருந்தது. பக்கத்தில், சுள்ளி கட்டிய விளக்குமாறு ஒன்று சுவரில் சாத்தியிருந்தது. உள்ளே மஞ்சள் வெளிச்சம்.

"இந்தா கிடக்கு உம்மட மூதேவி" என்று சொல்லிக்கொண்டே இவர் உள்ளே போனார்.

ஒரேயொரு மேசை. வயதான கணவனும் மனைவியும் அப்போதுதான் சாப்பிட இருந்திருந்தார்கள். வேறு ஆட்களைக் காணவில்லை. கூட்டம் பிறகு வருமாக்கும் என்று நினைத்தோம். இவர் 'குட்டன் டாக்' என்று வணக்கம் சொன்னார். நான் அதுவும் சொல்லவில்லை. கால் சோர்ந்து, கதிரையை இழுத்து அந்த மேசையிலேயே இருந்துவிட்டேன்.

அந்த ஐயா எழும்பப் பார்த்தார். அம்மா அவர் தோளில் கையை வைத்து இருத்தினார். என் முகத்தைப் பார்த்தார், வயிற்றில் நான் வைத்திருந்த கையைப் பார்த்தார். இரண்டு கோப்பையில் உருளைக்கிழங்கு சூப்பும், அடுப்பிலிருந்து சுடச்சுட வெங்காயம் போட்ட அப்பம் போல ஒன்றும் கொண்டுவந்து வைத்தார்.

சாப்பிட்டேன். வயிறு புரட்டவில்லை. இன்னும் சாப்பிட்டேன்.

"உப்புக் காணாது, எண்டாலும் நல்லாயிருக்கு. இன்னொரு கோப்பை கேளுங்கோ" என்றேன். இவர் யாழ்ப்பாணத்துத் தேத்தண்ணிக் கடையில் கேட்பது போல விரலை உயர்த்தினார். அம்மா சிரித்துக்கொண்டே அதையும் ஊற்றித் தந்தார். ஐயா வெறும் பாணைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தார். கடைக்காரருக்குத் தன் கடைச் சாப்பாடு அலுத்திருக்கும் என்று நினைத்தேன்.

அந்தச் சூட்டில் எப்படிக் கண்ணயர்ந்தேன் என்று தெரியாது. விழித்தபோது சுவர் மணிக்கூட்டின் சத்தம் மட்டும் கேட்டது. என் மடியில் ஒரு கம்பளிப் போர்வை. ஐயாவும் இவரும் எதிரெதிரே இருந்து அப்பிள் சீவிக்கொண்டிருந்தார்கள். அந்த நாட்டுக்கு வந்து முதல்முறையாக என் நெஞ்சு அமைதியாக இருந்தது.

இவர் காசுக்காகப் பையைத் திறக்க, அம்மா அவர் கையைப் பொத்தி மூடினார். மிச்ச அப்பத்தைத் துணியில் சுற்றி என்னிடம் தந்தார்.

"நல்ல ஆக்கள். முதல் தரம் வாறவையிட்டைக் காசு வாங்கமாட்டினம் போல" என்றார் இவர் வெளியே வந்ததும்.

பனிப்புகார் கலைந்திருந்தது. இரண்டு வீடு தள்ளி, ஒரு பெரிய வாசல். உயரத்தில் ஒரு கம்பு, அதில் நிற நிற ரிபன் கட்டிய விளக்குமாறு. கீழே நீள வாங்குகளில் நெருக்கி இருந்த ஆட்கள், வைன் கிளாசுகள், தட்டுச் சத்தம். நாங்கள் இரண்டு பேரும் அப்படியே நின்றுவிட்டோம். திரும்பிப் பார்த்தேன். அந்த அம்மா சுவரில் சாத்தியிருந்த விளக்குமாற்றை எடுத்து, விட்ட இடத்திலிருந்து வாசல் இலைகளைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

வெட்கத்தில் காது சுட்டது. ஆரோ ஒருவருடைய வீட்டுக்குள் போய் இருந்து, உப்பில்லை என்று சொல்லி, இரண்டாம் கோப்பையும் கேட்டு வாங்கியிருக்கிறேன். ஐயா வெறும் பாண் தின்றது ஏனென்று அப்போதுதான் உறைத்தது. அந்தச் சட்டியில் இருந்தது இரண்டு பேருக்கான சூப். அம்மா எங்களைக் கண்டு கையசைத்தார். நான் நடுத்தெருவில் நின்று அழுதேன்.

வெள்ளிக்கிழமை நிறை கொஞ்சம் ஏறியிருந்தது. டொக்டர் மறிக்கவில்லை. அடுத்த மாதமே எங்களை வேறு நகரத்துக்கு மாற்றிவிட்டார்கள். அந்த அம்மாவின் பெயரைக்கூடக் கேட்காமல் வந்துவிட்டேன்.

பங்குனியில் மகள் பிறந்தாள். இப்போது அவள் என் வீட்டுக்கு வரும்போதெல்லாம், "அம்மா, வாசலிலை விளக்குமாறு. பாக்கிற ஆக்கள் என்ன நினைப்பினம்? உள்ளுக்கு எடுங்கோ" என்று ஏசுவாள். நான் எடுப்பதில்லை. பசியோடு ஆராவது பிழையாக நினைத்து உள்ளே வந்து, கேளாமல் கதிரையை இழுத்து இருக்கமாட்டார்களா என்று ஒவ்வொரு ஞாயிறும் ஒரு சுண்டு அரிசி கூடவே போடுகிறேன்.