மூன்று கிளவுடும் ஓர் ஆளும்

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் அலுவலகம். லோரி கம்பெனிகளுக்கு மென்பொருள் செய்து கொடுக்கிறோம். அந்த மென்பொருள், கன்டெய்னர் என்று சொல்லும் சின்னச் சின்னத் துண்டுகளாக எங்கள் சொந்த சர்வர்களில் ஓடிக்கொண்டிருந்தது. எந்தத் துண்டு எங்கே ஓட வேண்டும், விழுந்ததை எப்படி எழுப்ப வேண்டும் என்று கவனிக்க ஒரு கிளஸ்டர். அந்தக் கிளஸ்டரைக் கவனிக்க ஒரே ஒருவன். மதுரைக்காரன். கம்பெனி எடுத்துக் கொடுத்த வேலை பாஸில் கிள்ளானில் அறை எடுத்துத் தங்கியிருந்தான். வேலை போனால் பாஸும் போகும். மனைவியை அழைத்துவர அப்போதுதான் மனுப் போட்டிருந்தான்.

ஒரு நாள் மேலாளர் என் மேசைக்கு வந்தார். "மூனு கிளவுட் கம்பெனியயும் கம்பேர் பண்ணி ஒரு ரிப்போர்ட் குடுங்க லா. நம்ம கிளஸ்டர எதுல ஓட்டலாம்னு பாப்போம்."

இந்த மாதிரி வேலை என்றால் எனக்கு அல்வா சாப்பிடுவது மாதிரி. மூன்றும் தங்கள் சர்வர்களை இணையம் வழியாக வாடகைக்கு விடும் கம்பெனிகள். மூன்றிலும் சோதனைக் கிளஸ்டர் ஓட்டினேன். ஒன்றுக்கு இங்கேயே டேட்டா சென்டர் இருந்தது. ஆனால் பதிப்பு மாற்றும்போதெல்லாம் படுத்தியது. இன்னொன்று சிங்கப்பூரிலிருந்து ஓடியது. தாமதம் லேசாகத் தெரிந்தது. மூன்றாவது எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொண்டது. அதோடு நிறுத்தியிருக்கலாம். என் பாழாய்ப்போன ஒழுங்கு விடவில்லை. இப்போது இருப்பதையும் பக்கத்தில் வைத்தால்தானே ஒப்பீடு நியாயமாக இருக்கும் என்று அந்த மதுரைக்காரனிடமே போய், எந்த வேலைக்கு எத்தனை மணி நேரம் ஆகிறது என்று கேட்டேன்.

இரண்டு நாளில் எழுதிக் கொடுத்தான். பதிப்பு மாற்றுவது, சர்வர்களின் பாதுகாப்புச் சான்றிதழ் புதுப்பிப்பது, விழுந்த சர்வரைத் தூக்கி நிறுத்துவது, ஒன்றுவிடாமல். ஒவ்வொன்றுக்கும் எதிரே, மூன்றாவது கிளவுடின் கட்டத்தில் 'தானாக நடக்கும்' என்று தட்டிக்கொண்டே வந்தேன். நாலைந்து வரி போனதும் என்ன செய்கிறேன் என்று புரிந்துவிட்டது. நிறுத்தவில்லை. அட்டவணை அவ்வளவு அழகாக வந்துகொண்டிருந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது.

கூட்டத்தில் மேலாளர் அந்தப் பக்கத்தை மட்டும்தான் பார்த்தார். "அப்போ இந்த ஆளுக்கு இனிமே என்ன வேலை?" என்றார். நான் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.

கிளஸ்டரை மூன்றாவது கிளவுடுக்கு மாற்றும் பொறுப்பையும் அவனிடமே கொடுத்தார்கள். ஒரு நிமிடம்கூட எதுவும் நிற்காமல் மாற்றி முடித்தான். வேலையில் அவனுடைய கடைசி நாள், கடவுச்சொற்களை ஒப்படைக்க வந்தபோது மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

"விடுங்கக்கா," என்றான். "நீங்க வந்து கேட்டப்பவே எதுக்குன்னு தெரிஞ்சிருச்சு. கிளவுடால முடியாத நாலு வேலைய சும்மா சேத்து எழுதலாமான்னு ஒரு நாள் பூரா யோசிச்சேன். கேக்குறது நீங்கதானே, பாத்துக்குவீங்கன்னு உள்ளத உள்ளபடியே எழுதிட்டேன்."