டாங்கில் ஒரு பொட்டு

2009இல் ஷிப்டுக்குப் போய்வர மலிவாக ஒரு பைக் தேடினேன். வெஸ்ட் ஈலிங்கில், ஜெர்மனியிலிருந்து வந்து குடியேறிய ஒரு அண்ணையிடம், ரோட்டிலும் சேற்றிலும் ஓடக்கூடிய சீனத்து 125 சிசி ஒன்று விலைக்கு இருந்தது. சீனச் சாமான் என்றாலே எனக்குச் சந்தேகம். அவர் சொன்ன குறைந்த விலையைக் கேட்டதும் சந்தேகம் இரட்டிப்பானது.

பெற்றோல் டாங்கில் உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனம், நடுவில் குங்குமம்.

"போன கிழமைதான் அம்மன் கோயில்ல பூசை செய்வித்தனான்," என்றார்.

பூசைக்கு இவ்வளவு பெரிய பொட்டா? பைக்கை ஸ்டார்ட் பண்ணிக் காட்ட அவர் திறப்பு எடுக்க உள்ளே போன நேரம், விரலை நாக்கில் நனைத்து அதைத் துடைத்துப் பார்த்தேன். அடியில் துருவும் இல்லை, கீறலும் இல்லை.

நிமிர்ந்தால் வாசலில் அண்ணை. என் சிவந்த விரலையே பார்த்தார்.

"அம்மன்ர பொட்டுக்குள்ளயே களவு தேடுற ஆள் நீர். நாளைக்கு ஒரு ஆணி கழண்டாலும் என்ர வாசல்ல வந்து நிற்பீர். உமக்கு விக்க ஏலாது."

திறப்பைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு கதவைச் சாத்தினார்.

பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு ஒன்று உறுதியாகிவிட்டது. கோளாறு என்ஜினில்தான். இல்லாவிட்டால், ஏன் ஒருமுறைகூட ஸ்டார்ட் பண்ணிக் காட்டாமல் என்னைத் துரத்தினார்?