எலி மேல போட்ட பழி

எலியா? ஆமாம்மா, நானும் கேள்விப்பட்டேன். உன் வீட்டுக்காரரு பொறியில பிடிச்ச எலிய வாலைப் பிடிச்சுத் தூக்கிக்கிட்டே தெருவெல்லாம் நடந்து போயி வாய்க்கால்ல போட்டாராமே. பூனை அளவுக்கு இருந்துச்சுன்னு எதிர்வீட்டுக்காரி சொல்றா. அவ சுண்டெலியக்கூட அப்படித்தான் சொல்லுவா. உக்காரு, ஏன் நிக்கிற? காப்பி போடவா? வேணாமா? சரி, உக்காரு முதல்ல. என்னமோ சொன்னியே, உன் வீட்டுக்காரரு பாபநாசம் போயி குழாய் வாங்கப் போறாருன்னு. எலி கடிக்காம அந்த நீல ஒயரைக் குழாய்க்குள்ள விட்டு இழுக்கறதுக்கு. கிளம்பிட்டாரா? சட்டை மாட்டிக்கிட்டு இருக்காரா? அப்ப கொஞ்சம் நிக்கச் சொல்லு. குழாய் வேணாம். இரு, சொல்றேன். அந்த எலி பாவம்மா.

எனக்கு முதல்லேருந்து சொன்னாத்தான் பேச வரும். நடுவுல கேக்காத.

அந்தப் பெட்டி என் வீட்டுக்கு வந்தது உனக்குத் தெரியும். என் மவன் சிங்கப்பூர்ல உக்காந்துக்கிட்டு, அம்மா மூஞ்சியப் பாத்துப் பேசணும்னு நெட்டு லைன் போடச் சொன்னான். கூடத்துச் சுவத்துல, சாமி படத்துக்குப் பக்கத்துல ஆணி அடிச்சு மாட்டினாங்க. வெள்ளைப் பெட்டி, ரெண்டு கொம்பு, பச்சை பச்சையா விளக்கு. முதல் நாளு அதுக்கும் சேத்து விபூதி வச்சேன், மருமவ விழுந்து விழுந்து சிரிச்சா. "அத்தை, அது சாமி இல்ல, ரவுட்டரு. வெளியிலேருந்து ஒரே ஒயருதான் வருது. இதுதான் அதப் பிரிச்சு எல்லா கம்ப்யூட்டருக்கும் குடுக்குது"ன்னா. எனக்கு அப்பவே புரிஞ்சு போச்சு. வாய்க்காலும் மடையும். நான் கைநாட்டுதான், பஸ்ஸுல போர்டு படிக்கத் தெரியாது. ஆனா மடை தெரியாதா எனக்கு?

அப்பத்தான் உன் மவ கம்ப்யூட்டரு பழசு, காத்துல பிடிக்காது, ஒயரு வேணும்னு பேச்சு வந்துச்சு. "பெட்டியில நாலு ஓட்டை இருக்கு அத்தை, நமக்கு ஒண்ணு போதும்"னு மருமவ சொன்னா. மஞ்ச ஒயரு எங்களுக்கு, நீல ஒயரு உங்களுக்கு. எங்க ஜன்னல் வழியா, சுவத்து மேல, உங்க ஜன்னலுக்கு. எனக்கு என்ன சந்தோசங்கற! மீன்காரிகிட்டகூடச் சொன்னேன், பக்கத்து வீட்டுக்கும் நாங்கதான் லைன் விடறோம்னு. அவ அதுக்கும் ஒரு மத்தி கூடப் போடல, அது வேற கதை.

உனக்குத் தெரியும்ல, எங்க வயலு கடைமடை, வாய்க்காலோட கடைசி. உன் பெரியப்பா இருந்தவரைக்கும் ஆத்துல தண்ணி விட்டுட்டாங்கன்னு ஊரே குதிக்கும், எங்க வயலுல வெடிப்பு அப்படியே இருக்கும். மேல இருக்கற தலைமடைக்காரன் வைக்கோல்பிரியும் சேறுமா வச்சு வாய்க்கால அடைச்சிடுவான். போயிக் கேட்டா, "ஒரு அரைநாளு பொறுத்துக்க ஆத்தா, எனக்குப் பாய்ஞ்சதும் திறந்து விடறேன்"ம்பான். அந்த அரைநாளு நாலு நாளாவும். நாத்து பழுத்துப் போவும். வரப்புல நின்னு நான் மண்ண வாரித் தூத்தியிருக்கேன். அப்படி இருந்தவ நான். அத நெனச்சாத்தான் இப்ப எனக்குச் சோறு இறங்க மாட்டேங்குது.

அன்னிக்கு, அதான் உன் மவ வேலைக்காகக் கம்ப்யூட்டருல கம்பெனிக்காரங்ககிட்டப் பேசற அன்னிக்கு, என் மருமவ அவ தங்கச்சிக்குப் புடவை எடுக்கத் தஞ்சாவூரு போயிட்டா. காலையிலயே உன் மவ வந்துச்சு. மேல இஸ்திரி போட்ட சட்டை, கீழ வீட்டுல போடற பேண்ட்டு. "என்னடி கோலம் இது?"ன்னேன். "கீழ தெரியாது பாட்டி"ன்னு சிரிச்சுச்சு. "பதினோரு மணிக்குக் கூப்புடுவாங்க. பெட்டிக்கிட்ட யாரும் போகாமப் பாத்துக்கங்க பாட்டி"ன்னு என் கையப் பிடிச்சுச் சொல்லிட்டுப் போச்சு. யாருகிட்டச் சொல்லுது பாரு. நானும், "நீ போடி, ஈ அண்டாது"ன்னேன்.

சரியா அந்த நேரம் பாத்து என் மவன் கூப்புடறான். பத்து நாளாச்சும்மா அவன் மூஞ்சியப் பாத்து. பசு கன்னு போட்ட சேதிய நான் நெஞ்சுக்குள்ள வச்சுக்கிட்டே இருக்கேன். போன்ல மூஞ்சி வந்துச்சு, "அம்மா"ன்னான், அவ்வளவுதான். வாயத் திறந்தபடி அப்படியே நின்னு போயிட்டான். நான் "தம்பி, தம்பி"ங்கறேன், அசைய மாட்டேங்கறான். பெட்டியப் பாத்தேன். நீல ஒயரு சொருகியிருக்கற இடத்துல விளக்கு படபடன்னு துடிக்குது. அட, எல்லாத் தண்ணியும் அந்தப் பக்கமில்ல போவுதுன்னு தோணிடுச்சு.

கழட்டினேன்.

நான்தாம்மா. எலி இல்ல. அந்த முனையில சின்னதா ஒரு நாக்கு இருக்கும், அத அமுக்கினாக் கழண்டுக்கும். மருமவ செய்யறதப் பாத்திருக்கேன். அஞ்சு நிமிசம், கன்னு சேதிய மட்டும் சொல்லிட்டு மாட்டிடுவோம்னுதான் நெனச்சேன். கழட்டின மறுநிமிசம் மவன் மூஞ்சி தெளிவா வந்துச்சு. பாத்தியா, நான் நெனச்சது சரின்னு ஆயிடுச்சு. கன்னு நெத்தியில வெள்ளைச் சுட்டி இருக்குன்னேன், காட்டும்மாங்கறான், போனத் தூக்கிக்கிட்டு மாட்டுக் கொட்டாய்ப் பக்கம் போனேன்.

அப்பத்தான் நீ சுவத்துக்கு அந்தாண்ட நின்னு கத்துன. "பெரியம்மா, லைன் போயிடுச்சு! அங்க இருக்கா?" மவன், "யாரும்மா?"ங்கறான் கையில. நான் அவன் மூஞ்சி மேல உள்ளங்கைய வச்சுப் பொத்தினேன். பொத்திக்கிட்டு, "இங்கேயும் இல்லம்மா"ன்னேன். எப்படி வந்துச்சு அந்த வார்த்தை? அப்பவே ஓடிப்போயி மாட்டியிருக்கலாம். மாட்டினா அவன் மறுபடி நின்னு போயிடுவானோன்னு பயம். பேசி முடிச்சு, ஒயரைச் சொருகி, ஜன்னல் வழியாப் பாக்கறேன். உன் மவ உங்க மொட்டை மாடியில, அந்த வெயில்ல, போன நீட்டிக்கிட்டு இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நடக்குது. சட்டையெல்லாம் வேர்வை. எல்லாம் முடிஞ்சு போச்சு.

சாயங்காலம் வந்து என்கிட்டக் கேக்குது, "பாவம் பாட்டி, உங்களுக்கும் போயிடுச்சா?"ன்னு. எனக்குப் பாவமாம்.

உன் வீட்டுக்காரரு சுவத்து மேல எலிப்புழுக்கையப் பாத்துட்டு, எலிதான் ஓடி ஒயர ஆட்டியிருக்குன்னாரு. நான், ஆமா ஆமா எலிதான்னேன். பொறிக்குக் கருவாடு குடுத்ததே நான்தானே. நல்லதாப் பாத்துப் பொறுக்கிக் குடுத்தேன்.

நேத்து மருமவ பெட்டியத் துடைச்சா. துடைச்சவ நின்னுட்டா. "அத்தை, நீல ஒயரு ரெண்டாவது ஓட்டையில இருந்துச்சு. இப்ப நாலாவதுல இருக்கு. எலி கடிக்கும், சரி. கழட்டித் தள்ளி மாட்டுமா?" எனக்கு எந்த ஓட்டைன்னு எண்ணத் தோணலம்மா, அவசரத்துல கண்ட ஓட்டையில சொருகிட்டேன். சொல்லிட்டேன் அவகிட்ட. திட்டுவான்னு பாத்தேன், திட்டல. "உங்க பிள்ளை அன்னிக்கு பஸ்ஸுல போயிக்கிட்டுப் பேசினாரு, சுரங்கப் பாதைக்குள்ள போனதுல நின்னு போச்சு, வெளிய வந்ததும் சரியாச்சு. அந்தப் பொண்ணு பேசறதுக்கும் இதுக்கும் சம்மந்தமே இல்ல"ன்னா. அப்புறம் போற போக்குல ஒண்ணு சொன்னா. "நீங்களும் தலைமடைக்காரங்க ஆயிட்டீங்க அத்தை." அதுக்கு அவ என்னைக் கன்னத்துல அறைஞ்சிருக்கலாம்.

நாளன்னிக்கு மறுபடி பேசறோம்னு அந்தக் கம்பெனிக்காரங்க சொல்லிட்டாங்களாமே. அது உன் மவ வாய் செஞ்ச புண்ணியம், என்னால இல்ல. இந்தத் தடவை நான் என் போன உன் கையில குடுத்துடறேன், நீயே வச்சுக்க. என் மவன் கூப்பிட்டா, அப்புறமாக் கூப்புடுன்னு சொல்லு. காத்துக் கிடக்கட்டும். நான் கூடத்துப் பக்கமே வரல, கொட்டாய்ல கன்னுகூட உக்காந்திருக்கேன். மருமவ வீட்டுல இருப்பா. உன் மவகிட்ட நீ சொல்லிடாத. நானே வந்து சொல்றேன். எப்படிச் சொல்லப் போறேன்னுதான் தெரியல. அது "பாட்டி"ன்னு சிரிச்சுக்கிட்டு வந்து நின்னா மறுபடி எலி மேலயே பழியப் போட்டுடுவேனோ என்னமோ.

திட்டறதுன்னா திட்டிடு. நீ இப்படித் தரையவே பாத்துக்கிட்டு இருந்தா...

அய்யய்யோ, தூத்தலா அது? மாடியில அவிச்ச நெல்லு காயுதே, இன்னும் ஒரு வெயிலு இருந்தா அரைவைக்குப் போயிருக்கும்! தார்ப்பாய் எங்க வச்சேன்... எந்திரி எந்திரி, ஒரு ஆளால இழுத்து மூட முடியாது. கோவமா இருந்தா இருந்துக்க, ஒரு முனைய மட்டும் வந்து பிடி.