கால் பெருவிரலில் கட்டிய கயிறு

தருவைகுளத்தில் சங்கு குளிக்கப் போகிறவனுக்கு மேலே படகில் கயிறு பிடிக்கிறவன் அவனுடைய மச்சானாக இருக்க வேண்டும். பெண்டாட்டியின் அண்ணன் அல்லது தம்பி. கூடப்பிறந்தவள் தாலி அறுப்பதை எவனும் விரும்பமாட்டான் என்பது அதன் நியாயம். சொந்த அண்ணன் தம்பியைக்கூட இந்த வேலைக்கு வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

நான் ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கொழும்பில் ஒரு ஓட்டலில் தட்டு கழுவினேன். உப்பளத்தில் உப்பு வாரினேன். கயத்தாற்றில் ஒரு லாரிக்குக் கிளீனராக இருந்தேன். கல்யாணம் ஆனபிறகுதான் ஓர் ஊரில் தரித்து நின்றேன். அதுவும் உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். அரிசி கண்ணில் படுவது அபூர்வம். முத்துச்சிப்பி கிடக்கும் பாரைச் சர்க்கார் குளிப்புக்குத் திறந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டிருந்தது. சங்கு எடுத்தால் வீட்டில் உலை கொதிக்கும், இல்லாவிட்டால் இல்லை. என் மனைவி அப்போது மாசமாக இருந்தாள்.

முதலில் எனக்குக் கயிறு பிடித்தவன் அவளுடைய தம்பி. அவன் பட்டாளத்தில் சேர்ந்து போய்விட்டான். அதற்குள் தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை குறைந்து, அவளுடைய அண்ணன் ஊருக்குத் திரும்பி வந்தார். கயிறு அவர் கைக்குப் போயிற்று.

சீக்கிரம் அமிழக் கனமான கல்லை மிதித்துக்கொண்டு அடிக்குப் போவோம். மணலில் தடவிச் சங்கைப் பொறுக்கி வலைப்பையில் போடுவோம். மூச்சு முட்டும்போது இடுப்புக் கயிற்றைச் சுண்டி ஒரு வெட்டு வெட்டி இழுத்தால், மேலே இருப்பவர் நிறுத்தாமல் இழுத்து எடுக்க வேண்டும். அந்த இழுவை வரும் என்ற நம்பிக்கையில்தான் கடைசிச் சொட்டு மூச்சுவரை கீழே நிற்கிறோம். நீந்தி ஏறுவதற்கென்று எதையும் மிச்சம் வைப்பதில்லை.

மச்சானோடு போன முதல் வாரத்திலேயே அது நடந்தது. கயிற்றை வெட்டினேன். அது இறுகவில்லை. வளையம் வளையமாக என் தோள்மேல் வந்து விழுந்தது. ஒரு கணம் எனக்கு விளங்கவில்லை. பிறகு பையை விட்டுவிட்டுக் கைகாலை அடித்து ஏறினேன். படகின் விளிம்பைப் பிடித்தபோது காதிலிருந்து இரத்தம் வந்தது.

"என்ன மச்சான், கயிற விட்டுட்டீரு?"

"நான் எங்க விட்டேன்? நீரு இழுத்தீரு, நான்..." அவர் தன் கையைப் பார்த்தார். "கை தானா குடுத்துட்டு, மாப்ள."

பக்கத்தில் இன்னொரு குளிகாரனுக்குக் கயிறு பிடித்துக்கொண்டிருந்த பெரியவர் சிரித்தார். "தோணியில மூட்ட எறக்குன கைல்லா. மாப்ளையையும் பருத்தி மூட்டன்னு நெனச்சிட்டு."

அவர் கேலியாகச் சொன்னதுதான் உண்மை. தூத்துக்குடியில் பெரிய கப்பல் கரைக்கு வராது, தூரத்தில் நிற்கும். தோணிகள் போய்ச் சரக்கை வாங்கி வரும். மச்சான் அங்கே தோணியின் மேல்தட்டில் நின்று, இறங்கும் மூட்டை ஆடாமலிருக்க வழிக்கயிறு பிடித்தவர். தோணிக்குள்ளே நின்று மூட்டையை வாங்குகிறவன் கயிற்றை வெட்டி இழுத்தால் உடனே தளர்த்திக் கொடுக்க வேண்டும். தாமதித்தால் மூட்டை ஆடி ஆளை நசுக்கிவிடும். அப்படி ஒருவனை நசுக்கியதையும் அவர் பார்த்திருக்கிறார். கயிறு வெட்டினால் தளர்த்து என்பது அவர் உடம்பில் அந்தப் பயத்தோடு சேர்ந்தே ஏறிவிட்டது. இங்கே கயிறு வெட்டினால் இழு.

கரையில் பழகிப் பார்த்தோம். கவிழ்த்துப் போட்ட படகுக்கு அந்தப் பக்கம் நான் மறைந்துகொண்டு கயிற்றை வெட்டுவேன். இந்தப் பக்கம் அவர் இழுப்பார். ஒருதடவைகூடத் தவறவில்லை. என் மனைவி கஞ்சிக் கலயத்தோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப சரியாத்தான செய்யுதான் எங்க அண்ணன்?" என்றாள்.

சரியாகத்தான் செய்தார். கரையில் அவர் ஒவ்வொரு வெட்டுக்கும் காத்திருந்தார். அதற்கு முந்தின வினாடியிலேயே 'இழு, இழு' என்று தனக்குள் சொல்லிக்கொண்டிருந்தார். கடலில் வெயில் ஏறிய நேரத்தில் கண் கூசி, படகு ஆடி, மனம் எங்கோ போயிருக்கும்போதுதான் வெட்டு வரும். அப்போது அவரை முந்திக்கொண்டு கை பதில் சொல்லிவிடும்.

அதைத் தடுக்க அவர் விறைத்துக்கொண்டு உட்கார ஆரம்பித்தார். அது வேறு தொல்லையாயிற்று. அலை கயிற்றை லேசாக அசைத்தால்கூட இழுத்துவிடுவார். நான் அப்போதுதான் மணலைத் தொட்டிருப்பேன். வெறும் பையோடு மேலே வருவேன். ஒரே காலையில் என்னை அப்படி மூன்று நான்கு தடவை பிடுங்கி எடுத்தார். சரி, கொஞ்சம் நிதானமாக இரும் என்றேன். அவர் நிதானமானார். மறுநாள் கயிறு மறுபடியும் என் தோள்மேல் வந்து விழுந்தது.

அன்று பை கனமாக இருந்தது. விட மனம் வரவில்லை. விடலாம் என்று நினைத்தபோது கயிறு காலில் சுற்றியிருந்தது. வாயைத் திறக்கக் கூடாது என்று தெரியும். பள்ளிக்கூடப் பாடத்தில் தலை எஜமான், கைகால் வேலைக்காரர்கள் என்று ஒரு பக்கம் படித்திருக்கிறேன். அந்தப் பக்கத்தை எழுதியவர் கடலுக்கு அடியில் நின்றதில்லை. என் வாய் திறந்தது. உப்புத் தண்ணீர் உள்ளே போனது நினைவிருக்கிறது. பக்கத்துப் பெரியவர் மச்சானைத் தள்ளிவிட்டு என் கயிற்றை இழுத்தாராம். நினைவு வந்தபோது படகில் குப்புறக் கிடந்து கக்கிக்கொண்டிருந்தேன்.

வீட்டில் நான் சொன்னேன்: "ஏளா, இனி வேற ஆள வச்சுக்கிடுதேன்."

"யார?" என்றாள். "கூடப்பிறந்தவன் உசிரோட இருக்கையில அடுத்தவன் கயிறு பிடிச்சா ஊரு என்ன பேசும்? என் அண்ணன் உங்கள கொல்லப் பாத்தான்னு பேசும். அவன் அப்பறம் கோவிலுக்குள்ள போவ முடியுமா?"

"அப்ப நான் சாவட்டுமா?"

"ரெண்டு பேரும் எனக்கு வேணும்" என்றாள். இரவுக்கு அடுப்பில் வைக்க எதுவும் இல்லை. படுத்துக்கொண்டோம்.

வழியை மச்சானே கண்டுபிடித்தார். ஒரு காலையில் கயிற்றைத் தன் வலதுகால் பெருவிரலில் ஓடுகிற மாதிரி ஒரு சுற்றுச் சுற்றிக் கட்டிக்கொண்டு படகில் உட்கார்ந்தார். மிச்சக் கயிறு மடியில் கிடந்தது. கைகளைத் தொடைமேல் வைத்துக்கொண்டார்.

"இந்தக் காலு தொறமொகத்துல சும்மா நின்ன காலு மாப்ள. அதுக்கு ஒண்ணும் தெரியாது. நான் சொல்லுறதக் கேக்கும்."

படகே சிரித்தது. "ஆட்டக் கட்டுற மாதிரில்லா கட்டியிருக்காரு. திங்கக் கொஞ்சம் கொழ போடுங்கலே" என்றார் பெரியவர். மச்சான் தலை நிமிரவில்லை.

ஆனால் அது வேலை செய்தது. விரல் இழுபட்டதும் இரண்டு கைகளும் கயிற்றில் பாய்ந்தன. தளர்வே இல்லை. அலைக்கும் ஏமாறவில்லை. நான் வெட்டினால் வானத்துக்குத் தூக்குவதுபோல் தூக்கினார். மேலே வந்து அவர் முகத்தைப் பார்த்தேன். துறைமுகத்திலிருந்து வந்தபிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

கெட்டுப்போனது என் கை.

அடியில் மணலைத் தொடுவேன். சங்கின் முதுகு விரலில் தட்டுப்படும். அதற்குள் இன்னொரு கை இடுப்புக்குப் போய்க் கயிற்றை வெட்டிவிடும். நெஞ்சில் மூச்சு நிறைய இருக்கும். நான் வெட்டச் சொல்லவில்லை. வெட்டியபிறகுதான் வெட்டியது எனக்கே தெரியும். மச்சான் ஒரு நொடி பிசகாமல் இழுத்து எடுப்பார். வெறும் பை.

"கீழ சங்கு இல்லியா மாப்ள?"

"இருக்கு."

"பின்ன?"

கயிற்று முடிச்சை முதுகுப்பக்கம் தள்ளிக் கட்டிப் பார்த்தேன். கை முதுகுக்குப் போனது. அந்தக் கையில் பையை இரண்டு சுற்று சுற்றிக்கொண்டு போனேன். மற்றக் கை வந்தது. இப்படி ஒரு வாரம். படகின் சொந்தக்காரரான சம்மாட்டி பொறுமைசாலிதான். அவரும் கடைசியில், "தண்ணியக் குடிச்சுட்டு வாரதுக்கு என் படகு எதுக்குடே" என்று கேட்டுவிட்டார். வீட்டில் பனங்கிழங்கு அவித்துத் தின்றோம். அவளுக்கு அது ஒத்துக்கொள்ளவில்லை. கால் வீங்கியிருந்தது.

கடைசி நாள் கடல் எண்ணெய் மாதிரிக் கிடந்தது. நல்ல நாள். மற்றவர்கள் இறங்கிவிட்டார்கள். நான் தண்ணீரில் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கல்லின்மேல் காலை வைத்தேன். மூச்சை இழுத்தேன். விளிம்பிலிருந்து கையை எடுக்க வேண்டும், அவ்வளவுதான். கை எடுபடவில்லை. மூச்சை விட்டு மறுபடி இழுத்தேன். விரல்கள் மரத்தைப் பிடித்திருப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். திறவுங்கள் என்று அவற்றிடம் சொன்னேன். யாருடைய விரல்களோபோல் இருந்தன.

"நான் ரெடி மாப்ள" என்றார் மச்சான். அவர் கண் தன் பெருவிரலை விட்டு அகலவில்லை.

மற்றக் குளிகாரர்கள் போய் வந்தார்கள். மறுபடி போய் வந்தார்கள். நான் அங்கேயே இருந்தேன். கடைசியில், அன்று படகில் கூட வந்திருந்த சம்மாட்டி என் அக்குளுக்குள் கைகொடுத்துப் படகுக்குள் தூக்கிப் போட்டார். அவரே குனிந்து என் இடுப்பு முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். ஈரத்தில் இறுகியிருந்தது. பலமாக ஒரு இழு இழுத்தார்.

மச்சானின் பெருவிரல் அசைந்தது. இரண்டு கைகளும் பாய்ந்து கயிற்றைப் பற்றின. அவர் இழுத்தார், நான் படகின் பலகையில் சறுக்கி அவர் காலடியில் போய் முட்டினேன், அப்போதும் அவர் இழுத்துக்கொண்டிருந்தார்.