ரிப்பனுக்குப் பின்னால் அட்ரினலின்

மாத்தளையில் ஆஸ்பத்திரி மருந்தாளர்களுக்குப் பயிற்சி கொடுக்கிற வேலையைப் பல வருஷம் பார்த்தேன். சிறுபிள்ளைக்கு உயிர் போகிற அவசரம் வந்தால் மருந்தாளர் என்ன செய்ய வேண்டும் என்பதுதான் பாடம். இப்போது இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்காக, முதல் வகுப்பு நடந்த அழகை எழுதி வைக்கிறேன்.

அதுவரை எங்கள் ஆட்களுக்கு அவசரம் என்றால் டிஸ்பென்சரி ஜன்னலில் வரிசை நீள்வதுதான். டொக்டர் மருந்து எழுதிய துண்டு வரும், மருந்து போகும். துண்டு இல்லாமல் கடவுளே வந்து நின்றாலும் ஒரு பரசிட்டமோல் கிடைக்காது. அதை மாற்றத்தான் வகுப்பு. பிள்ளையின் நிறையைக் கேள், கிலோவுக்கு எவ்வளவு என்று கணக்குப் போடு, ஒருவர் ஊசியில் எடுக்க இன்னொருவர் சத்தமாகச் சரிபார்க்கட்டும், நீயே கொண்டுபோய்க் கொடு. இதற்கு ஒரு காலைப்பொழுது போதும்.

ஆனால் நம் நாட்டில் குத்துவிளக்கு ஏற்றாமல் யாருக்கும் அறிவு வராது. நிர்வாக உத்தியோகத்தர் தர்மலிங்கம் விழாவைக் கையில் எடுத்தார். கண்டியிலிருந்து பெரிய அதிகாரி பிரதம விருந்தினராம். அவர் திறந்துவைக்க ஒரு கண்காட்சியும் வேண்டுமாம். வெளிநோயாளரைப் பார்க்கும் ஓபிடியிலும் வார்டுகளிலும் இருந்த அவசர மருந்துத் தட்டுகளை மண்டபத்துக்குக் கொண்டுவந்து, வெள்ளை விரிப்பில் அடுக்கி, முன்னால் சிவப்பு ரிப்பன் கட்டினார். நாற்காலி காலியாக இருந்தால் மரியாதை இல்லை என்று டிஸ்பென்சரியையும் பூட்டவைத்தார். ஓபிடியில் ஒரு தட்டாவது இருக்கட்டும் சேர் என்று கெஞ்சிப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் என்ன வந்துவிடப் போகிறது என்று சிரித்தார்.

பெரியவர் சொன்ன நேரத்துக்கு வரவில்லை. யுத்த காலம், வழியெல்லாம் செக்பொயிண்ட். ஆனால் அவருடைய ஜீப்பை யாரும் மறிக்கப் போவதில்லை. அவர் பிந்தியது சொந்தத் திறமையால்தான். எல்லோரையும் இறக்கிச் சோதித்து அனுப்பிய வண்டி வேறொன்று, ரத்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லொறி. அது வந்து சேர்ந்துவிட்டது. மலையில் குளவி கலைந்து, தாயோடு போன நாலு வயதுப் பெண்பிள்ளையைக் கொட்டியிருந்தது. உதடு தடித்து, கண் மூடி, மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது.

டொக்டர் அட்ரினலின் ஊசிமருந்து கேட்டிருக்கிறார். தட்டு இருந்த இடத்தில் தட்டு இல்லை. நர்ஸ் புஷ்பா மண்டபத்துக்கு ஓடிவந்து, குளவி கொட்டின பிள்ளை, அட்ரினலின் உடனே வேண்டும் என்றார். உக்குவளையிலிருந்து வகுப்புக்கு வந்து முன்வரிசையில் இருந்த மருந்தாளர் நஸீர் எழுந்து நின்று கேட்டார் பாருங்கள்:

"துண்டு இருக்கா மிஸ்?"

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. கேட்ட கையோடு அவருக்கே முகம் செத்துப்போனது. விறுவிறு என்று மேசைக்கு நடந்தார். தர்மலிங்கம் இரண்டு கையையும் விரித்துக் குறுக்கே வந்து நின்றார்.

"கொஞ்சம் பொறுங்க தம்பி. பெரிய சேர் கிட்டத்துல வந்துட்டாராம். வெட்டுன ஒடனே எடுத்துக்கலாம்."

நான் ரிப்பனைப் பிடித்து இழுத்தேன். நல்ல சாமான், லேசில் அறுபடவில்லை. விரிப்பும் பூச்சாடியும் சேர்ந்து கீழே வந்தன. நஸீர் அதற்குள் ஓபிடித் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினார். "புள்ள எத்தன கிலோ?" என்று புஷ்பாவிடம் ஓடிக்கொண்டே கேட்டது என் காதில் விழுந்தது. அப்பாடா என்றிருந்தது.

நஸீர் ஊசியில் எடுத்தார், நான் அளவைச் சத்தமாகச் சொல்லிச் சரிபார்த்தேன், டொக்டர் தொடையில் போட்டார். தாயின் முகமும் வீங்கித்தான் இருந்தது. புஷ்பா அவளைப் பார்க்கப் போனபோது, "எனக்கு ஒன்னும் இல்லீங்க, அவளப் பாருங்க" என்று கையைத் தட்டிவிட்டாள். பிள்ளைக்கு இன்னொரு ஊசியும் போட வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு மூச்சு மெல்ல மெல்லச் சீரானது. பிள்ளை வீறிட்டு அழுதபோது நானும் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

பெரியவர் சாவகாசமாக வந்தார். ரிப்பனை முடிச்சுப் போட்டு மறுபடி கட்டி வைத்திருந்தார்கள், வெட்டினார். எங்கள் ஆயத்த நிலையைப் பாராட்டி நீண்ட நேரம் பேசினார்.

அதன்பின் என் வகுப்புகளை வார்டில், மருந்து ட்ரொலிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே நடத்தினேன். விளக்கு இல்லை, விருந்தினர் இல்லை, அதனால் யாரும் பிந்தவில்லை. கணக்கு எந்தப் புத்தகத்திலும் கிடைக்கும், பிள்ளைகளே. அவசர மருந்து எங்கே இருக்கிறது, சாவி யாரிடம் என்று வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே பார்த்துவையுங்கள். அலங்காரத்துக்கு யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

தர்மலிங்கம் சேர் அந்த விழாவுக்கு மறுநாள் காலையே என்னைக் கூப்பிட்டார். திறந்துவைக்கும் முன் கண்காட்சிப் பொருளை அகற்றியது ஏன் என்று எழுத்தில் விளக்கம் வேண்டுமாம்.

"வெளக்கம் புள்ளைங்க வார்டுல, ஜன்னலோரக் கட்டில்ல ஒக்காந்து பிஸ்கட் திங்குது சேர்," என்றேன். "போய்ப் பாருங்க."